நிலை ஏழு

எண்ணிக்கையில் ஒன்று இடித்தது.
பழைய எந்திரம் சொன்னது: அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு.
புதியது சொன்னது: இருநூற்று மூன்று.

பெர்கன் நகரில் அன்றும் மழை.
மாலுமிகள் ஓய்வூதிய அலுவலகம், மூன்றாம் தளம்.
முதல் மெயின்ஃப்ரேமைச் சுவரை இடித்து, கிரேன் கட்டி ஏற்றினார்களாம்.
அதற்குப் பிறகு பெட்டி மூன்று முறை மாறியது.
உள்ளே ஓடும் கோபோல் மட்டும்
வீட்டோடு வந்த பூனைபோல் அப்படியே இருந்தது.

அதன் ஆண்டு உரிமக் கட்டணத்தில்
நாற்பது மாலுமிகள் வருடம் முழுக்கச் சாப்பிடலாம்
என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள் தூருன்.
நிர்வாகக் குழு அசைந்தது அந்தத் தாளுக்குத்தான்.
திறமூலத்தின் அருமை பற்றி நான் எழுதிய
முப்பத்திரண்டு பக்கம் காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினோம், பதினொரு வாரம்.
சில்லறை வித்தியாசங்கள் ஆறு வாரத்தில் அடங்கின.
அந்த ஒன்று அடங்கவில்லை.

இரவு ஆப்பரேட்டர் ஐலிஃபைக் கேட்டேன்.
"இரண்டு பத்துக்கு ஒரு வேலை ஓடும்," என்றான்.
"ஒரே ஒரு தாள் அச்சாகும். பூஜ்யம் என்று இருக்கும்.
கிழித்துப் போட்டுவிடுவேன்."
எத்தனை வருடமாக?
"நான் வந்ததிலிருந்து."

நாலாயிரம் வரிக்கு நடுவில் அகப்பட்டது:
எண் 40718 என்றால் தாண்டிப் போ.
பக்கத்தில் ஒரு குறிப்பு, பெயரில்லை, இரண்டு எழுத்து மட்டும்.
மனைவி கையெழுத்துப் போட மறுக்கிறார். தொடாதே.

இங்வால் திவெய்ட். பிறப்பு 1911. எஞ்சின் அறை.
அறுபத்தாறு ஜனவரி, நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே கப்பலோடு போனவர்.
உடல் கிடைக்கவில்லை.
இறந்தார் என்றால் நிலை ஒன்பது, விதவைப் பணம் வந்திருக்கும்.
அந்த அம்மாள் வாங்கவில்லை.
தொண்ணூற்று நான்கில் போய்ச் சேரும்வரை
இவர் நிலை ஏழிலேயே இருந்தார்.
ஏழு என்றால்: பயணத்தில்.

எங்கள் புதிய விதி, நூற்றுப்பத்து வயதைத் தாண்டியவரைத்
தானாக மூடிவிடும்.
நான்தான் எழுதினேன். நல்ல விதி.

கூட்டம் போட்டோம்.
"நீக்குங்கள்," என்றார் சட்டப் பிரிவின் பிர்கிட்ட,
பிறகு தன் கையேட்டைத் தானே புரட்டி, நிறுத்தி,
"நீக்கச் சான்று வேண்டும்.
சான்று கேட்க உறவினர் விண்ணப்பிக்க வேண்டும்.
உறவினர்?"
இல்லை.
"அப்படியானால்," என்றார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த பொருள் கார் நிறுத்துமிடம் பற்றியது.

மாற்றிய இரவு ஐலிஃப்தான் அணைத்தான்.
விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்க
மழை பெய்துகொண்டிருந்தது கேட்டது.
தரைப் பலகைகளைப் பெயர்த்தபோது அடியில்
ஒரு தேக்கரண்டி, ஒரு சீட்டுக்கட்டில் பாதி,
எந்தக் கேபிளோடும் சேராத ஒரு கேபிள்.

இப்போது லினக்ஸ்.
மெய்நிகர் எந்திரங்கள், பதினான்கு. மெய் கிடையாது எதற்கும்.
அணைத்தால் நாற்பது விநாடியில் வேறு எங்கோ எழும்.
பராமரிப்பு வந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே
ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு,
பெர்கனிலிருந்து ஹாமாருக்கு,
ஒரு கணக்கும் சிந்தாமல் இடம் மாறும்.

அந்த வரியை நான் பைத்தானில் எழுதினேன்.
குறிப்பையும் எழுதினேன், அதே சொற்கள்.
புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பரிசீலனையில் கேட்டிருந்தான்:
இது எதற்கு?
ஆம் என்று மட்டும் பதில் போட்டேன், அவசரத்தில்.
அவனும் அனுமதித்துவிட்டான்.

இரண்டு பத்துக்கு இன்றும் கணக்குப் பார்க்கிறது.
தாள் அச்சாவதில்லை.
அறுபத்தோராயிரத்துச் சொச்சத்தில்
மாதாமாதம் ஆட்கள் குறைகிறார்கள்;
நேற்று வடக்கே ஹாமார் சர்வருக்கு வட்டு மாற்றினார்கள்.
40718 அந்நேரம் எந்த ஊரில் இருந்தார் என்று
பதிவேட்டைப் பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவில்.